கீரைக் கட்டு ரெண்டு, அம்பு ஒண்ணு: ஒரு ஜப்பானியப் பெண்ணின் காணாமல் போன பெயர்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியது)

இன்னைக்கு எபிசோட் என் வீட்டு ஹால்ல மாட்டியிருக்கிற ஒரு படத்தைப் பத்தி.

போன வருஷம் ஆன்லைன்ல அதை வாங்கினேன். ஜப்பானிய மர அச்சு ஓவியம் ஒன்றின் நகல். உயரமாகத் தூக்கிக் கட்டின கொண்டை, கொண்டையில் சீப்பு, வெள்ளை முகம், சின்ன உதடு, பக்கவாட்டில் பார்க்கிற கண்கள். விளம்பரத்தில் 'முழுக்க முழுக்கக் கையால் வரைந்தது' என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்னு சொல்லமாட்டேன், உண்மையிலேயே கையாலதான் வரைஞ்சிருந்தாங்க. பெயின்ட் வாசனை போக ஒரு வாரம் ஆச்சு.

வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "யாரு இது?" நான் சொல்ற பதில், "ஜப்பான்காரப் பொண்ணு." அதுக்கு மேல எனக்கும் தெரியாது. ஓவியர் பெயர் உட்டமாரோ என்பது வரைக்கும் தெரியும்.

ஒருநாள் ஜப்பானிய மொழி படிக்கிற தோழி ஒருத்தி வந்திருந்தாள். படத்தின் பக்கத்துல போய் நின்னு, ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுல எழுதியிருக்கிறது ஒண்ணுகூட எழுத்தே இல்ல தெரியுமா? சும்மா கோடு கோடா இழுத்திருக்காங்க" என்றாள். சரி, வரைஞ்சவங்களுக்கு மொழி தெரியாது போல என்று விட்டுட்டேன். அப்புறம் மேல் மூலையில் இருந்த ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டி, "இது என்ன பூங்கொத்தா?" என்று கேட்டாள். பச்சையா மூணு கொத்து, பக்கத்துல ஒரு குச்சி, கீழே நீலமா ஏதோ. "அலங்காரத்துக்கு இருக்கும்" என்றேன்.

அது அலங்காரம் இல்லை. அதுதான் அந்தப் பெண்ணின் பெயர். நான் வாங்கிய நகலில் அந்தப் பெயர் அழிந்து போயிருந்தது. எப்படின்னு சொல்றதுக்கு நாம கொஞ்சம் பின்னாடி போகணும். 230 வருஷம் பின்னாடி.

தூரிகை என்று கையெழுத்து, வேலை கத்தியோடது

இன்னைக்கு டோக்கியோ என்று சொல்ற ஊருக்கு அப்போ பெயர் எடோ. அங்கே கடைகளில் விற்ற படங்களைத்தான் 'உகியோ-எ' என்பார்கள். 'மிதக்கும் உலகின் படங்கள்' என்று பொருள். நாடக நடிகர்கள், மல்யுத்த வீரர்கள், அழகிகள், ஊர்க் காட்சிகள் எல்லாம் இதில் வரும். பெண்களின் படங்களுக்கு மட்டும் தனிப் பெயர், 'பிஜின்-கா'. அழகிகளின் படம். அரண்மனைக்கு வரைந்தது இல்லை, கடைக்குப் போகிற யாரும் வாங்கலாம். ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலையை ஒட்டித்தான் ஒரு படத்தின் விலையும் இருந்தது. நம்ம ஊர் சலூன் சுவத்துல நடிகை காலண்டர் தொங்குமே, கிட்டத்தட்ட அந்த இடம்.

இந்தப் படங்கள் உருவான விதம்தான் முக்கியம். நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலை. பதிப்பாளர் பணம் போட்டு ஐடியா கொடுப்பார். ஓவியர் மெல்லிய காகிதத்தில் தூரிகையால் கோட்டோவியம் வரைவார். அந்தக் காகிதத்தை மலைச்செர்ரி மரப் பலகை மேல் முகம் கீழே இருக்கும்படி ஒட்டுவார்கள். பின்பக்கமாகத் தெரிகிற கோட்டைப் பார்த்து, செதுக்குபவர் கத்தியால் மரத்தை எடுப்பார். கோடு மட்டும் மேடாக நிற்கும், மற்ற இடமெல்லாம் பள்ளமாகும். அப்புறம் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை. கடைசியாக அச்சிடுபவர் பலகையில் மையைத் தடவி, காகிதத்தை வைத்து, 'பாரென்' என்ற மூங்கில் உறை சுற்றிய வட்டத் தட்டையால் முதுகில் அழுத்தித் தேய்ப்பார். பலகையின் ஓரத்தில் 'கென்டோ' என்று ரெண்டு சின்ன வெட்டுகள் இருக்கும். காகிதத்தை ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் பொருத்த அதுதான் அடையாளம். அது ஒரு முடி அளவு தப்பினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போயிடும்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? ஓவியர் கையால் வரைந்த அந்தக் காகிதம் என்ன ஆச்சு? அதை மரத்தோடு சேர்த்து வெட்டியாச்சு. கத்தி அதன் மேல்தான் போனது. அதாவது உட்டமாரோ தன் கையால் வரைந்தது அச்சாகும் முன்னாடியே அழிந்து போகும். நாம 'ஒரிஜினல்' என்று மியூசியத்தில் பார்க்கிறது எல்லாம், வேறொருத்தர் செதுக்கி, இன்னொருத்தர் தேய்த்து எடுத்த தாள்கள்தான். ஆனால் படத்தில் கையெழுத்து என்ன சொல்லும் தெரியுமா? 'உட்டமாரோ ஹிட்சு'. ஹிட்சு என்றால் தூரிகை. 'உட்டமாரோ தூரிகையால் வரைந்தது' என்று அர்த்தம்.

என் ஹாலில் தொங்குவது இதற்கு நேர் எதிர். அதைத் தூரிகையால்தான் வரைந்திருக்கிறார்கள், ஆனால் உட்டமாரோ இல்லை. அதனால 'கையால் வரைந்தது, எனவே அசலுக்கு நெருக்கம்' என்று நான் நினைச்சது தலைகீழ். அசலே கத்தியால் ஆனது.

கையால் வரைவது புதுசு இல்லை

அதுக்காகக் கையால் வரைகிற வேலையைக் குறைச்சு மதிப்பிட வேண்டாம். ஜப்பானிய அழகிப் படங்கள் தொடங்கியதே கையால்தான். ஹிஷிகாவா மொரோனொபு என்ற ஓவியர் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பட்டுத் துணியில் வரைந்த 'திரும்பிப் பார்க்கும் அழகி' இன்றும் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிவப்பு கிமோனோ போட்ட ஒரு பெண் நடந்து போகிற வழியில் தலையைத் திருப்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான் படம். 1948-இல் ஜப்பான் அதைத் தபால்தலையாக வெளியிட்டது. நிறைய பேர் அதை அச்சுப் படம் என்றே நினைக்கிறார்கள். அது அச்சே இல்லை, ஒரே ஒரு கை ஓவியம்.

ஆரம்ப கால அச்சுகளிலும் கை வேலை உண்டு. கறுப்புக் கோட்டை மட்டும் அச்சடித்துவிட்டு, ஆரஞ்சுச் சிவப்பு, இளஞ்சிவப்பு எல்லாம் ஒவ்வொரு தாளிலும் தூரிகையால் பூசினார்கள். 1740-கள் வாக்கில்தான் ரெண்டு மூணு நிறங்களைப் பலகையாலேயே அச்சடிக்கிற வழக்கம் பரவியது. 1765-இல் சுசுகி ஹாருனொபு காலத்தில் முழு வண்ண அச்சு வந்தது. பட்டு ஜரிகைத் துணி மாதிரி இருக்கிறது என்று அதற்கு 'நிஷிகி-எ' என்று பெயர் வைத்தார்கள்.

உட்டமாரோவே பட்டிலும் காகிதத்திலும் நேரடியாக வரைந்திருக்கிறார். 'ஃபுகாகாவாவில் பனி' என்று ஒரு பிரம்மாண்டமான ஓவியம், சுமார் 2 மீட்டர் உயரம், 3.4 மீட்டர் அகலம். பல பத்தாண்டுகள் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இருந்து, 2012-இல் கிடைத்தது. அதுக்கப்புறம் ஹகோனே ஊரில் உள்ள ஒகாடா அருங்காட்சியகத்தில் இருந்தது.

ஆக, தூரிகையும் உண்டு, கத்தியும் உண்டு. ரெண்டும் வேற வேற கலை. ஒன்றை இன்னொன்றாக மாற்றும்போது என்ன போகும், என்ன மிஞ்சும் என்பதுதான் நம்ம கேள்வி.

எங்கே எல்லாம் தூரிகை தடுக்கி விழும்

முதலில் முகம். அசல் அச்சில் முகத்தின் வெள்ளை என்பது பெரும்பாலும் பெயின்டே இல்லை. அது காகிதம்தான். கோஸோ என்ற மரப்பட்டை நாரில் செய்த காகிதத்தின் சொந்த நிறம். சுற்றிலும் நிறத்தை அச்சடித்து, முகத்தை மட்டும் சும்மா விட்டுவிடுவார்கள். அதனால்தான் அந்த முகத்தில் ஒரு மென்மை, உள்ளே இருந்து வெளிச்சம் வர்ற மாதிரி. கையால் நகல் எடுக்கும்போது நிறைய பேர் முகத்துக்கு வெள்ளைப் பெயின்ட் பூசுகிறார்கள். ஜப்பானிய முறைப்படி வரைபவர்கள் சிப்பித் தூளில் செய்த 'கோஃபுன்' என்ற வெள்ளையைப் பயன்படுத்துவார்கள், அது மெல்லிசா இருக்கும். என் படத்தில் இருந்தது அக்ரிலிக். பவுடர் அப்பின முகம் மாதிரி இருந்தது.

ரெண்டாவது தலைமுடி. நெற்றியில் முடி தொடங்கும் இடத்தைப் பாருங்க. அசலில் ஒவ்வொரு முடியும் தனித்தனிக் கோடு. ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே ரெண்டு மூணு முடி நிற்கும்படி செதுக்குவார்கள். இதைச் செய்ய எல்லாரையும் விடமாட்டார்கள். கிமோனோ மடிப்பைச் செதுக்குவது இளையவர்கள், தலையைச் செதுக்குவது பல வருஷம் கை தேர்ந்தவர் மட்டும். இன்னொரு ரகசியம், உட்டமாரோ அந்த ஒவ்வொரு முடியையும் வரைந்து கொடுக்க மாட்டார். கொண்டையின் வடிவத்தைக் காட்டுவார், மிச்சத்தைச் செதுக்குபவர் பார்த்துக்கொள்வார். அதாவது நாம் ரசிக்கிற அந்த நெற்றி முடி, பெயர் வெளியே தெரியாத ஒரு தொழிலாளியின் கை. நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை 000 நம்பர் பிரஷ் வைத்து முயற்சி செய்தேன். பத்தாவது முடியில் மை சேர்ந்து ஒரு புளி கொட்டை விழுந்தது. அதோட நிறுத்திட்டேன்.

மூன்றாவது, நிறம் இல்லாத அச்சு. மை போடாமல் பலகையை அழுத்தித் தேய்த்து, காகிதத்திலேயே மேடு பள்ளமாக ஒரு பூ டிசைன் வர வைப்பார்கள். வெள்ளை உடையின் நெசவை அப்படித்தான் காட்டுவார்கள். பின்னணியில் அபிரகத் தூள் பூசுவதும் உண்டு. படத்தைச் சாய்த்துப் பிடித்தால் வெள்ளி மாதிரி மின்னும். இந்த ரெண்டும் போட்டோவில் விழாது. நகல் வரைபவர் பெரும்பாலும் போட்டோவைப் பார்த்துத்தான் வரைகிறார், அதனால் பின்னணியைச் சாம்பல் நிறமாகப் பூசிவிடுகிறார்.

நான்காவது, மங்கிய நிறம். அந்தக் காலத்து நீலம் ஒன்று 'சுயுகுசா' என்ற பூவின் சாறு. சிவப்புக்குக் குசும்பப் பூ. ரெண்டையும் கலந்தால் ஊதா. ரெண்டுமே வெளிச்சம் பட்டால் ஓடிப்போகிற நிறங்கள். அதனால் இன்றைக்குப் பல அச்சுகளில் ஊதா இருந்த இடம் பழுப்பாகவும், நீலம் இருந்த இடம் மணல் நிறமாகவும் இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு 1921-இல் ஸ்பால்டிங் சகோதரர்கள் சுமார் 6,500 அச்சுகளைக் கொடுத்தார்கள், ஒரே நிபந்தனையோடு: எப்போதும் காட்சிக்கு வைக்கக் கூடாது. கோபம் வருதுல்ல? ஆனால் அதனால்தான் அந்தத் தொகுப்பில் நிறங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. போட்டோ எடுத்து எல்லாருக்கும் காட்டுகிறார்கள், தாளுக்கு மட்டும் இருட்டு. இதெல்லாம் தெரியாமல் நகல் எடுப்பவர், மங்கிப் போன பழுப்பையே 'உட்டமாரோவின் நிறம்' என்று நினைத்து அழகாகப் பூசிவிடுகிறார். 'ஆஹா, என்ன ஒரு வின்டேஜ் கலர்' என்று நாமும் வாங்கிடுறோம்.

இப்ப அந்தப் பெண்ணிடம் வருவோம்

1790-களின் தொடக்கத்தில் உட்டமாரோ ஒரு புதுமை செய்தார். அதுவரை பெண்களை முழு உருவமாக வரைவார்கள். முகம் சின்னதா இருக்கும், எல்லார் முகமும் ஒண்ணுதான். உட்டமாரோ கிட்டே போனார். இடுப்புக்கு மேலே மட்டும், தலை பெரிசா. 'ஒகுபி-எ', பெரிய தலைப் படம் என்று இதற்குப் பெயர். அவரோடு சேர்ந்து இதை வெளியிட்டவர் சுதாயா ஜூசாபுரோ என்ற கெட்டிக்காரப் பதிப்பாளர். சினிமா மொழியில் சொன்னால் இதுதான் க்ளோஸ்-அப்.

அதில் வந்தவர்கள் விலைமாதர்கள் மட்டும் இல்லை. 1793 வாக்கில் வந்த 'இக்காலத்து மூன்று அழகிகள்' படத்தில் ஒருத்தர் இசைக் கலைஞர் டொயோஹினா. இன்னொருத்தர் அரிசி மொறுகல் விற்கும் குடும்பத்துப் பெண் ஒஹிசா. மூன்றாவது ஆள், அசாகுசா கோயிலுக்குப் பக்கத்தில் நானிவாயா என்ற தேநீர்க் கடையில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒகிட்டா. அப்போ அவருக்கு ஜப்பானியக் கணக்கில் 16 வயசு.

சாதாரணமாகப் பார்த்தால் மூணு பேர் முகமும் ஒரே மாதிரி இருக்கும். கொஞ்சம் நேரம் கொடுத்துப் பார்த்தால் மூக்கின் வளைவு வேற, கண்ணின் சாய்வு வேற என்று தெரியும். இதுவும் போதாது என்று குடும்ப முத்திரைகளைப் போட்டார். ஒகிட்டாவுக்குப் பவ்லோனியா இலை, ஒஹிசாவுக்கு மூன்று ஓக் இலை. படம் விற்கத் தொடங்கியதும் அந்தத் தேநீர்க் கடைக்குக் கூட்டம் அலைமோதியது. இன்ஸ்டாவில் ஒரு ரீல் வைரலானதும் அந்த இட்லிக் கடைக்குக் கூட்டம் போகுமே, அதேதான்.

ஒரு சாதாரணத் தேநீர்க் கடைப் பெண்ணின் பெயர் ஊர் முழுக்க அச்சாகிப் பரவுவது அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. அது சிக்கனம், ஒழுக்கம் என்று கெடுபிடி அதிகமாக இருந்த காலம். 1791-லேயே சுதாயாவின் சொத்தில் பாதியைப் பறிமுதல் செய்திருந்தார்கள். 1793-இல் ஓர் உத்தரவு வந்தது: அனுமதி பெற்ற விலைமாதர் பகுதியைச் சேர்ந்தவர்களைத் தவிர, மற்றப் பெண்களின் பெயரைப் படத்தில் போடக் கூடாது.

யோசிச்சுப் பாருங்க. முகத்தைப் போடலாம், பெயரைப் போடக் கூடாது. விலைமாது என்றால் பெயர் இருக்கலாம், தேநீர்க் கடையில் வேலை பார்க்கும் பெண் என்றால் பெயர் இல்லாத அழகியாகத்தான் இருக்கணும்.

உட்டமாரோ என்ன செய்தார்? எழுத்தில் போடக் கூடாது என்றுதானே சொன்னீங்க, நான் படமா போடுறேன் என்று இறங்கினார். 1795, 96 வாக்கில் வந்த ஒரு வரிசையில், மூலையில் ஒரு சின்னக் கட்டம் போட்டு அதற்குள் ஒரு படப் புதிர் வைத்தார். வாட்ஸ்அப்பில் எமோஜி அனுப்பி 'என்ன படம் கண்டுபிடி' என்று விளையாடுவோமே, அது.

ஒகிட்டாவின் கட்டத்தில் என்ன இருக்கும் என்றால், கீரைக் கட்டு ரெண்டு. ஒரு அம்பு. தூரத்துக் கடல். ஒரு நெல் வயல். இதை ஜப்பானிய மொழியில் வாசிக்கணும். கீரைக்கு 'நா'. ரெண்டு கட்டு என்பதற்கு 'நிவா'. அம்புக்கு 'யா'. கரைக்கு அப்பால் உள்ள கடலுக்கு 'ஒகி'. வயலுக்கு 'டா'.

சேர்த்துச் சொல்லுங்க. நா-நிவா-யா ஒகி-டா. நானிவாயா ஒகிட்டா.

கடைப் பெயரும் வந்தாச்சு, பெண்ணின் பெயரும் வந்தாச்சு. எடோவில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் ஆள்கூட இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் கண்டுபிடிச்சிடுவான். உத்தரவைப் போட்ட அதிகாரிகளுக்கும் புரிஞ்சுது. 1796-இல் படப் புதிருக்கும் தடை போட்டார்கள். 1800-இல் பெரிய தலைப் படமே கூடாது என்றார்கள். 1804-இல் உட்டமாரோ வேறொரு விவகாரத்தில், பழைய ஆட்சியாளர் ஹிதேயோஷியைப் பற்றிய படங்களுக்காகப் பிடிபட்டார். 50 நாள் கைவிலங்கு. வரைகிற கைக்கு விலங்கு. 1806-இல் இறந்து போனார்.

இப்போ என் ஹால் படத்துக்கு வாங்க. பச்சையா மூணு கொத்து, ஒரு குச்சி, கீழே நீலம். கீரைக் கட்டை யாரோ பூங்கொத்து என்று நினைத்திருக்கிறார்கள். ரெண்டு என்றால் சமமாக இல்லை என்று மூணாக்கிவிட்டார்கள். அம்பு நுனி போய்க் குச்சி ஆயிடுச்சு. வயலைக் காணோம். ரெண்டு கட்டு 'நிவா', மூணு கட்டு என்றால் அந்த ஒலியே வராது. பெயர் உடைஞ்சு போச்சு.

அரசாங்கம் ரெண்டு தடவை உத்தரவு போட்டும் அந்தத் தாள்களிலிருந்து அழிக்க முடியாத பெயரை, யாரோ ஒருத்தர் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், கொஞ்சம் அழகா இருக்கட்டும் என்று நினைச்சு அழிச்சிட்டார். அதைத்தான் நான் காசு கொடுத்து வாங்கி, "ஜப்பான்காரப் பொண்ணு" என்று எல்லாருக்கும் அறிமுகம் செய்துகொண்டிருந்தேன். வரைஞ்சவர் மேல மட்டும் எப்படிக் கோபப்படுறது?

வான் கோவும் இதைத்தான் செய்தார்

அப்படின்னா கையால் நகல் எடுக்கிறதே தப்பா? இல்லை. உலகத்தின் புகழ்பெற்ற ஓவியர் ஒருத்தர் இதே வேலையைச் செய்திருக்கிறார். 1887-இல் பாரிஸில் இருந்தபோது வின்சென்ட் வான் கோ, கெய்சாய் எய்சென் வரைந்த ஒரு விலைமாதின் படத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அவர் பார்த்தது அசல் அச்சைக்கூட இல்லை. 'பாரி இல்லுஸ்த்ரே' என்ற பத்திரிகை 1886-இல் வெளியிட்ட ஜப்பான் சிறப்பிதழின் அட்டை. அதை அப்படியே டிரேஸ் செய்து, கட்டம் போட்டு, சுமார் 1 மீட்டர் உயரத்துக்குப் பெரிசாக்கினார். அந்த டிரேஸ் தாள்கூட ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான் கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. அதே வருஷம் ஹிரோஷிகே படம் ரெண்டை நகல் எடுத்தபோது, ஓரம் முழுக்க ஜப்பானிய எழுத்துகளை வேற அச்சுகளிலிருந்து பார்த்து அலங்காரமாக நிரப்பினார். என் படத்தில் கோடு இழுத்தவர் செய்த அதே காரியம்.

ஆனால் ஒரு வித்தியாசம். எய்சென் படத்தின் ஓரத்தில் வான் கோ ஒரு குளத்தை வரைந்து, அதில் கொக்கும் தவளையும் போட்டார். பிரெஞ்சுக் கொச்சை வழக்கில் அந்த ரெண்டு சொல்லுக்கும் விலைமாது என்ற அர்த்தம் உண்டு. அதாவது படத்தில் இருப்பவர் யார் என்று தெரிந்து, தன் ஊர் மொழியில் தானும் ஒரு படப் புதிர் போட்டார். இது எய்சென் அல்ல, எய்சென்னைப் பார்த்து நான் வரைந்தது என்று மறைக்கவும் இல்லை. நேர்மையான நகல் என்றால் என்ன என்று கேட்டால் நான் இதைக் காட்டுவேன். எல்லாம் அச்சு அசலா இருக்கணும்னு இல்லை. எதை மாத்துறோம் என்று தெரிஞ்சு மாத்தணும்.

நீங்க வாங்குறதா இருந்தா

இதைக் கேட்டுட்டு யாராவது வாங்கலாம்னு நினைச்சா, மூணு வகை நகல் கிடைக்கும். மூணையும் 'கையால் செய்தது' என்றுதான் விற்பார்கள்.

ஒன்று, மறுபடியும் மரத்தில் செதுக்கி அச்சடித்தது. டோக்கியோவில் அடாச்சி மரச்செதுக்கு நிறுவனம் மாதிரி சில இடங்களில் இன்றும் செதுக்குபவரும் அச்சிடுபவரும் பழைய முறையிலேயே செய்கிறார்கள். தாளைத் திருப்பிப் பாருங்க. நிறம் பின்பக்கம் வரைக்கும் ஊறியிருக்கும், பாரென் தேய்த்த வட்டத் தடம்கூடத் தெரியலாம்.

ரெண்டாவது, தூரிகையால் வரைந்தது. கோடு ஓர் இடத்தில் தடிச்சு ஒரு இடத்தில் மெலிஞ்சு போகும், மை தேங்கின இடம் தெரியும், நிறம் மேலாகவே நிற்கும்.

மூணாவது, பிரின்டர்ல எடுத்த போட்டோ மேல அங்கங்கே பெயின்ட் தொட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். போன் கேமராவில் ஜூம் செய்தாலே போதும்.

ரெண்டாவது வகை வாங்குறதுல எந்தத் தப்பும் இல்லை. வாங்கும் முன்னாடி அருங்காட்சியகத் தளத்தில் அசலின் படத்தைத் திறந்து பக்கத்துல வெச்சுக்குங்க. பாஸ்டன் அருங்காட்சியகம் உள்பட நிறைய இடங்களில் இலவசமாகப் பெரிசாக்கிப் பார்க்கலாம். முகத்தை அப்புறம் பாருங்க. முதல்ல மூலையைப் பாருங்க. எழுத்து எழுத்தா இருக்கா, முத்திரை சரியா இருக்கா, கட்டத்துக்குள் என்ன இருக்கு. அதை மதிச்சு வரைஞ்சவர், மிச்சத்தையும் மதிச்சுத்தான் வரைஞ்சிருப்பார்.

என் படத்தை என்ன பண்ணேன்னு கேட்பீங்க. கடைக்கு எழுதினேன். 'பிடிக்கலைன்னா திருப்பி அனுப்புங்க, பணம் தர்றோம்' என்று பதில் வந்தது. திருப்பி அனுப்பினா, இன்னொரு வீட்டுல போய் மறுபடி பெயரில்லாமல் தொங்கும். மனசு வரலை. வெச்சுக்கிட்டேன்.

ஒரு சின்ன அட்டையில் நானே அந்தக் கட்டத்தை வரைஞ்சேன். அசலைப் பார்த்து, கீரைக் கட்டு ரெண்டு, அம்பு, கடல், வயல். கீரை வந்து கொத்தமல்லிக் கட்டு மாதிரி இருக்கு, அதை விடுங்க. ரெண்டு இருக்கு, அது போதும். அதைச் சட்டத்துக்குக் கீழே சுவத்துல ஒட்டியிருக்கேன்.

இப்பவும் வர்றவங்க "யாரு இது?" என்றுதான் கேட்கிறாங்க. நான் அட்டையைக் காட்டி, ஒவ்வொண்ணுக்கும் ஜப்பானிய வார்த்தை என்ன என்று சொல்லிக் கொடுக்கிறேன். போன வாரம் அக்கா பையன் வந்திருந்தான், எட்டு வயசு. விரல் வெச்சு ஒண்ணொண்ணா சேர்த்துச் சொன்னான். கடைசியில் வந்த பெயரைக் கேட்டு அவனுக்கே ஆச்சரியம். "அத்தை, இவங்க பேரு ஒகிட்டாவா?" என்றான்.

ஆமாண்டா. தேநீர்க் கடை ஒகிட்டா.